துரைக்கு மகளையே சேர்த்துவைத்த மச்சானுக்கு

என் அருமை மச்சானுக்கு,

பூக்கடைப் பேச்சி எழுதுகிறேன். போய்ச் சேர்ந்தவரிடம் நலமா என்று கேட்கலாமா கூடாதா, தெரியவில்லை. உயிரோடு இருந்தபோது கேட்டால், "உன் மூஞ்சியில முழிக்கிற வரைக்கும் நல்லாத்தான் இருந்தேன்" என்பீர்கள். இப்போது ஒரு வருஷமாக என் மூஞ்சியில் விழிக்கவில்லை. ஆகவே சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள்.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள். கொம்பும் காலும் இடம் மாறிக் கிடந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் எழுத்தின் கால் எவ்வளவு கோணினாலும் உங்கள் லாயத்தில் பிறந்த குட்டிகளின் கால் அளவுக்குக் கோணாது.

கோபம் வருகிறதா? வரட்டும். வாயடைத்து நீங்கள் கிடப்பது இதுதான் முதல் தடவை. நான் விடுவேனா?

விஷயம் இதுதான். உங்களுக்கு வருஷத் திதி வருகிறது. உங்கள் மகன் முருகேசன் நினைவு மலர் என்று சின்னதாக ஒரு புத்தகம் போடுகிறான். "சித்தி, அப்பாவப் பத்தி நீயும் நாலு வரி குடு" என்று கடை முன்னால் வந்து நின்றான். மற்றவர்கள் கொடுத்ததை வாசித்தும் காட்டினான். ஒருத்தர் உங்களைச் சிங்கம் என்கிறார். இன்னொருத்தர் ஆலமரம் என்கிறார். குதிரை வளர்த்தவரைச் சிங்கம் என்று சொன்னால் குதிரை என்ன நினைக்கும், மச்சான்?

அதோடு விட்டானா? தாடிக்கொம்பு ரோட்டு முக்கில் ஆள் உயரத்துக்கு மேலே தூக்கி ஒரு பிளக்ஸ் கட்டியிருக்கிறான். உங்கள் குதிரை துரையின் மேல் நீங்கள் உட்கார்ந்திருக்கிற படம். மீசை நன்றாகத்தான் இருக்கிறது. கீழே, "ரத்தம் கலக்காத ராஜவம்சம் கண்டவர்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. படித்த இடத்திலேயே பூக்கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் வயிறு எரிந்தது.

ஏனென்றால் என் அக்கா சரசு அந்த வழியாகத்தான் ரேஷன் கடைக்குப் போகிறாள். உங்கள் பெண்டாட்டி. அந்த ராஜவம்சத்துக்காக அவள் தலையில் எதைத் தூக்கி வைத்துவிட்டுப் போனீர்கள் என்று அந்தப் பிளக்ஸில் ஒரு எழுத்து இல்லை. அதைத்தான் எழுத வந்தேன். மலரில் போடுகிறானோ கிழிக்கிறானோ, அது அவன் பாடு.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வயிற்றெரிச்சல்காரி என்பீர்கள். துரையை அந்தியூர்ச் சந்தையிலிருந்து லாரியில் ஏற்றிக் கொண்டுவந்த அன்று ஊரே கூடியது. அப்போதெல்லாம் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் ஆட்டோவைவிட ஜட்கா வண்டிதான் அதிகம் நிற்கும். அந்தக் குதிரைகளைப் பார்த்த கண்ணுக்குத் துரை வேறு ஜாதி மிருகமாகத் தெரிந்தது. பாலில் முக்கி எடுத்த வெள்ளை. நெற்றியில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சுழி. "இரட்டைச் சுழிக் குதிரை நிக்கிற வீட்டுல தோல்வியே கிடையாது" என்று சந்தையில் எவனோ சொன்னதை வேதமாகப் பிடித்துக்கொண்டீர்கள்.

துரை தோற்கவும் இல்லை. திருவிழா வண்டிப் பந்தயத்துக்கு அது வருகிறது என்றால் மற்றவர்கள் இரண்டாம் இடத்துக்குத்தான் ஓடுவார்கள். ஜெயித்து வருகிறபோதெல்லாம் அதன் கழுத்துக்குச் சம்பங்கி மாலை கட்டியது நான். அதற்குப் பின்னால் செத்துப்போன குட்டிகளுக்கும் மாலை கட்டியது நான்தான். அதை யாரும் போட்டோ எடுக்கவில்லை.

அந்த நாளில் லாயம் அக்காவின் கையில் இருந்தது. கொள்ளு ஊறவைப்பது, புல் அலசுவது, சாணி அள்ளுவது எல்லாம் அவள். துரை உங்கள் கையைக் கடித்திருக்கிறது. அவள் உள்ளங்கையில் வைத்தால் ஒரு பருக்கை சிந்தாமல் தின்னும். அவள் கைராசிக்கு அப்படி ஒரு பேர். குஜிலியம்பாறைப் பக்கம் எங்கள் பிறந்த ஊரில், மானாவாரிக் காட்டில் முதல் கை கடலை போட அவளைத்தான் தேடி வருவார்கள். வளைகாப்பு என்றால் முதல் வளையல் அவள் கையால்தான். பெருமையாக அனுப்பி வைப்பீர்கள். அனுப்பினீர்களா இல்லையா?

சீதா என்று ஒரு பெட்டைக் குதிரையை வாங்கினீர்கள். துரைக்கும் சீதாவுக்கும் வெள்ளையம்மாள் பிறந்தாள். அப்பன் மாதிரியே வெள்ளை, அப்பன் மாதிரியே நெற்றிச் சுழி. அதுவரைக்கும் எல்லாம் சரி. வெள்ளையம்மாள் வளர்ந்து பருவத்துக்கு வந்தபோதுதான் உங்களுக்குப் புத்தி கோணியது. நான் மாட்டுப்பொங்கலுக்குப் பூக் கொண்டுவந்திருந்தேன். சும்மா இராமல் வாயைக் கொடுத்தேன்.

"இவள எங்க மச்சான் பொலிக்கு விடப்போறீங்க?"

"எங்கயும் எதுக்கு விடணும்? வீட்டுலயே துரை நிக்கிறான்ல?"

"அது இவளுக்கு அப்பன்ல மச்சான்!"

"குதிரைக்கு ஏதுடி முறை? துரை ரத்தம் இவகிட்டப் பாதி இருக்கு. துரைகிட்ட முழுசா இருக்கு. ரெண்டையும் சேர்த்தா அச்சு அசல் இன்னொரு துரை. கணக்குத் தெரியுமா உனக்கு?"

"எனக்குக் கணக்கு மூணாப்பு வரைக்குந்தான். பால்ல பாலை ஊத்துனா கெடாதுன்னு சொல்றீங்க. அந்தப் பால்ல முன்னாடியே ஒரு சொட்டுப் புளிப்பு இருந்துச்சுன்னா? தனியா இருந்தா தெரியாது. ரெண்டு சொட்டு சேர்ந்தா திரியும்ல?"

"பூக்காரிக்குப் பாலைப் பத்தி என்னடி தெரியும்? போ, போயி மாலையக் கட்டு."

கட்டினேன். வேறு என்ன செய்ய?

அதில் பிறந்தவள்தான் பவளம். அன்றைக்கு அவளைப் பார்த்து நானே வாயைப் பிளந்தேன் என்பதை மறைக்கமாட்டேன். ஒரு குறை இல்லை. நெற்றியில் அதே இரட்டைச் சுழி, ஓட்டத்தில் அதே துரை. முதல் தடவையே நன்றாக வந்து தொலைத்தது, பாருங்கள், அதுதான் கேடு. முதல் ஆட்டத்தில் ஜெயித்த சீட்டாட்டக்காரன் என்றைக்கு வீடு திரும்பியிருக்கிறான்? "என்னடி பேச்சி, பால் திரிஞ்சுச்சா?" என்று கடைக்கே வந்து, நாலு பேர் முன்னால், என் கூடையைத் தட்டிக் கேட்டீர்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்திருக்கலாம்.

வெள்ளையம்மாளைத் திரும்பவும் துரையிடம் விட்டீர்கள். இந்தத் தடவை வந்த குட்டிக்குக் கீழ்த்தாடை பாதிதான் இருந்தது. மேல்வாய் கிளிமூக்கு மாதிரி முன்னால் வந்து நின்றது. மடியைத் தேடிப் போகிறது, வாய் வைக்கிறது, பிடிக்கத் தெரியவில்லை. பால் கழுத்தில் வழிகிறது. அக்கா என்ன செய்தாள்? முருகேசன் குழந்தையாக இருந்தபோது பால் புகட்டிய பாலாடையைப் பரணிலிருந்து எடுத்தாள். வெள்ளையம்மாளின் மடியில் பாலைப் பீச்சி, குட்டியின் தலையை மடியில் போட்டுக்கொண்டு பாலாடையில் ஊற்றினாள். குதிரைக்குட்டிக்குப் பாலாடை எம்மாத்திரம்? ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

அன்றைக்கு நீங்கள் சொன்ன சொல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"நல்லாப் பொறந்த குட்டிய, கைய வச்சுக் கொன்னுபுட்டா. இவ கை ஆகாத கை."

நல்லாப் பிறந்த குட்டியா, மச்சான்? தாடை இல்லாத குட்டியா? இரட்டைச் சுழியை மட்டும் பார்த்த கண்ணுக்குத் தாடை தெரியவில்லையா?

அதற்கு மறுநாள் லாய வாசலில் குறுக்கே ஒரு பனங்கட்டையைப் போட்டீர்கள். "இதைத் தாண்டி நீ வரக்கூடாது. உள்ள இருக்கிறது என் பொறுப்பு. வெளிய என்ன வேணாலும் பண்ணிக்க" என்றீர்கள். அன்றிலிருந்து அக்கா கொள்ளு வாளியைக் கட்டைக்கு வெளியே வைத்துவிட்டு நிற்பாள். நீங்கள் வந்து எடுத்துக்கொண்டு போவீர்கள். துரை உள்ளேயிருந்து அவளைப் பார்த்துக் கனைக்கும். அவள் இங்கிருந்தே, "இருய்யா, வருது வருது" என்பாள். கட்டிய பெண்டாட்டியை வாசலில் நிறுத்திவைத்துவிட்டு, குதிரையிடம் மட்டும் எப்படி முகம் காட்டினீர்கள்?

பிறகு பவளத்தையும் துரையிடமே விட்டீர்கள். பவளத்துக்கு அவன் அப்பன். அவள் தாய்க்கும் அவன்தான் அப்பன். அந்த உறவை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று நம் பாஷையில் சொல்லே இல்லை. பெரியப்பனுக்கும் சின்னத்தாளுக்கும் ஒன்றுவிட்ட தம்பிக்கும் தனித்தனியாகப் பேர் வைத்திருக்கிற நாம், இதற்கு ஒரு பேர் வைக்கவில்லை. ஏன் வைக்கவில்லை என்று ஒரு நிமிஷம் யோசித்தீர்களா?

யோசித்திருக்க மாட்டீர்கள். ஏனென்றால் அதே மாதம்தான் முருகேசன் வேடசந்தூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தியைக் கட்டிக்கொள்கிறேன் என்று வந்து நின்றான். நல்ல பெண். நம் சாதிதான், நல்ல குடும்பம்தான். ஆனால் அவர்களும் நீங்களும் கும்பிடுகிற குலசாமி ஒன்று. பிடித்துக்கொண்டீர்கள்.

"ஒரே சாமி கும்பிடுறவன் பங்காளிடா. அந்தப் புள்ள உனக்குத் தங்கச்சி முறை. நெனைக்கவே நாக்குக் கூசல உனக்கு?"

அந்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் ஏழு தலைமுறையில் ஒரு சொட்டு ரத்த சம்பந்தம் கிடையாது. அவர்கள் ஊர் எங்கே இருக்கிறது என்றுகூட உங்களுக்குத் தெரியாது. நான் அங்கேதான் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தேன். "மச்சான், பவளத்துக்குக் குலசாமி எது? துரைக்கு எது? விசாரிச்சிட்டீங்களா?" என்று கேட்டேன். செருப்பைத் தேடினீர்கள். நல்லவேளை, ஒன்று லாயத்தில் கிடந்தது. முருகேசன் அந்தப் பெண்ணை விட்டுவிட்டான். இன்றுவரை வேறு யாரையும் கட்டவில்லை. இதை அவன் மலரில் போடுவானா என்று பார்க்கிறேன்.

பவளத்தின் முதல் குட்டி முன்னங்கால் இரண்டும் உள்பக்கம் மடங்கிப் பிறந்தது. நிற்க எழும், முட்டியில் விழும். அதற்கடுத்தது செத்தே பிறந்தது. இரண்டு குட்டியையும் அக்கா தொடவே இல்லை. கட்டைக்கு வெளியேதான் நின்றாள். இப்போது என்ன சொல்வீர்கள் என்று நானும் காத்திருந்தேன். "அவ ஊறப்போட்ட கொள்ளுதான் வயித்துக்குள்ள போயி வேலை பண்ணுது" என்றீர்கள்! கை இல்லாவிட்டால் கொள்ளு. கொள்ளு இல்லாவிட்டால் நிழல் என்றிருப்பீர்கள். துரையைத் தவிர உலகத்தில் எல்லாரும் குற்றவாளி.

மாட்டாஸ்பத்திரியிலிருந்து வந்த டாக்டரம்மா அந்தக் கால் மடங்கிய குட்டியைப் பார்த்துவிட்டு, அப்பன் யார் என்று கேட்டார். நீங்கள் மார்தட்டிச் சொன்னீர்கள். "அப்பனையும் மகளையும் சேர்க்காதீங்கய்யா. ஒளிஞ்சு கிடக்கிற குறையெல்லாம் வெளிய வரும். வெளிக் குதிரையா ஒண்ணு பாருங்க" என்றார். அந்தம்மா தெரு முக்குத் திரும்புவதற்குள், "மாட்டுக்கு ஊசி போடுறவளுக்குக் குதிரையப் பத்தி என்ன தெரியும்?" என்றீர்கள். பூக்காரிக்குப் பால் தெரியாது. டாக்டருக்குக் குதிரை தெரியாது. உங்களுக்கு மட்டும் எல்லாம் தெரியும். பெரிய படிப்பு!

ஊர் இருக்கிறதே, அது எதை விடும், எதைப் பிடிக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா? "சரசு கை பட்டா குட்டி தங்காதாம்" என்று புறப்பட்டது. முதலில் விதைக்குக் கூப்பிடுவதை விட்டார்கள். பிறகு வளைகாப்புக்கு. பக்கத்து வீட்டுப் பழனியம்மாள் தன் மருமகள் முழுகாமல் இருந்தபோது, அக்கா எதிரே வந்தால் சந்து வழியாகச் சுற்றிக் கூட்டிப்போனாள். அக்கா ஒரு நாளும் அழவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தால் மட்டும் இரண்டு கையையும் புடவைத் தலைப்புக்குள் மடக்கி வைத்துக்கொண்டு உட்காருவாள். கண்ணாடி வளையல் போட்டுக்கொள்ளலாம், பூ வைத்துக்கொள்ளலாம், சபையில் நிற்கலாம் என்று இருந்த அவள் வருஷங்களை நீங்கள் இப்படித் தின்று தீர்த்தீர்கள். இனிமேல் எவராவது மனசு மாறிக் கூப்பிட்டால்கூட வளைகாப்புக்குப் போக முடியாது. அவளிடம் தாலி இல்லை. அதையும் நீங்கள் கொண்டுபோய்விட்டீர்கள்.

போகிற நேரத்திலாவது அவளைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்வீர்கள் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, தலைமாட்டில் நின்றவளைத் தாண்டி முருகேசன் கையைப் பிடித்தீர்கள். "பவளத்த வெளிய விட்டுறாதடா. துரை இருக்கிற வரைக்கும் துரைதான். ரத்தத்த மாத்திராத. சத்தியம் பண்ணு" என்றீர்கள். அவன் பண்ணினான். பாவம், வேறு என்ன செய்வான்?

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. தெரியாமலே இருந்தால் நன்றாயிருக்காது. சொல்கிறேன், கேளுங்கள்.

உங்கள் கருமாதி முடிந்த கையோடு பவளம் திரும்பவும் பருவத்துக்கு வந்தது. முருகேசன் துரையை அவிழ்க்கப் போனான். அக்கா கட்டைக்கு வெளியே கொள்ளு வாளியோடு நின்றாள். நானும் இருந்தேன்.

"ஏலே முருகேசா, இன்னொரு குட்டியப் பொதைக்க உனக்குத் தெம்பு இருக்கா?" என்றேன்.

"சித்தி, நான் சத்தியம் பண்ணியிருக்கேன். நீ சும்மா இரு."

"உனக்குப் பங்காளி முறைன்னு சொல்லி ஒரு புள்ளயப் பிரிச்ச மனுசனுக்கு, நீ பண்ணுன சத்தியம்."

அவன் முகம் செத்துவிட்டது. அப்போதுதான் அக்கா வாயைத் திறந்தாள். சத்தம் போடாமல்தான் பேசினாள்.

"நீ சத்தியத்த மீற வேணாம்ப்பா. உங்கப்பா உள்ள இருக்கிறது அவரு பொறுப்பு, வெளிய நான் என்ன வேணாலும் பண்ணிக்கலாம்னு சொல்லியிருக்காரு. நான் உள்ள வரல. நீ அவளத் தண்ணி காட்ட வெளிய அவுத்து விடு. கட்டையத் தாண்டிட்டா அது என் குதிரை."

முருகேசன் அவளைப் பார்த்தான், துரையைப் பார்த்தான், உங்கள் படத்துக்கு ஏற்றின விளக்கைப் பார்த்தான். பிறகு பவளத்தைத் தண்ணீர் காட்ட வெளியே விட்டான். நீங்கள் போட்ட கட்டை, மச்சான். நீங்கள் போட்ட சட்டம். அதை அத்தனை வருஷமாக அக்கா மனசுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறாள்.

புருஷன் செத்த பொம்பிளை மூலையில் உட்கார வேண்டிய நாளில், உங்கள் பெண்டாட்டி ஒரு பெட்டைக் குதிரையைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு பட்டப்பகலில் ரோட்டோடு நடந்தாள். பக்கத்தில் நான். பேகம்பூர் வரைக்கும். டீக்கடையில் உட்கார்ந்திருந்தவனெல்லாம் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தான். "என்னய்யா பாக்குறீங்க, மாப்பிள்ளை வீட்டுக்குத்தான் போறோம்" என்றேன். நான் வேறு எப்படிப் பேசுவேன்?

பேகம்பூரில் கனி பாயிடம் தோல் மண்டிக்குப் பாரம் இழுக்கிற செவலை ஆண் குதிரை ஒன்று இருக்கிறது. நீங்கள் அதைப் பார்த்து, "பானைக்குக் கால் முளைச்ச மாதிரி இருக்கு" என்று கேலி பண்ணினதுதான். கனி பாய் பவளத்தைச் சுற்றி வந்து பார்த்தார்.

"இது துரை மகதானம்மா?"

"ஆமா பாய். பேத்தியும் இதுதான்" என்றேன்.

பாய் சிரிக்கவில்லை. "நாங்க ஜாதகமெல்லாம் கேக்க மாட்டோம்மா. அப்பன் யாருன்னு மட்டும் கேப்போம். எங்காளு வெளியூரு. ஒட்டும் கிடையாது உறவும் கிடையாது. பார்க்க அழகு இல்ல. ஆனா நாலு காலும் நேரா இருக்கும்" என்றார்.

சினை பிடித்தது. பதினோரு மாதம் நாள் எண்ணிக்கொண்டிருந்தோம். முருகேசன் அந்த நாட்களில் என்னிடம் பேசவே இல்லை. குட்டி கோணலாக வந்தால் அது உங்கள் சாபம் என்பான். ஊர் அக்காவின் கை என்னும். மூன்றாவது வாய்ப்பு யாருக்கும் தோன்றாது. அக்கா வழக்கம் போலக் கொள்ளை ஊறவைத்தாள், கட்டை வரைக்கும் கொண்டுவந்தாள், வைத்தாள், நின்றாள். "உள்ளதான் வாயேன்க்கா, அவருதான் இல்லையே" என்றேன். "அவரு இல்ல. அவரு சொன்ன சொல்லு இருக்கே. குட்டி என்னவாச்சும்னு பாத்துக்கிடுவோம்" என்றாள்.

போன வாரத்துக்கு முந்தின வாரம், விடிந்து பால்காரன் வருகிற நேரத்தில், பவளம் குட்டி போட்டது. முருகேசன்தான் உள்ளே இருந்தான். நாங்கள் இரண்டு பேரும் கட்டைக்கு இந்தப் பக்கம். குட்டி எழுந்தது, விழுந்தது. திரும்ப எழுந்தது. நாலு காலையும் நாலு திசையில் பரப்பிவைத்து, சாராயம் குடித்தவன் மாதிரி ஆடி, மடியைக் கண்டுபிடித்து, சப்பென்று பிடித்து இழுத்தது பாருங்கள்! அந்தச் சத்தம் இந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது. சத்தமாகப் பால் குடிக்கிற பிள்ளை உங்கள் லாயத்தில் பிறந்து எத்தனை காலம் ஆகிறது, மச்சான்?

நிறம் செவலை. செங்கல் சூளையிலிருந்து வந்த மாதிரி. முருகேசன் குனிந்து நெற்றியைத் தடவித் தடவிப் பார்த்தான்.

"சுழி இல்ல சித்தி."

"காலு இருக்கா?"

"இருக்கு."

"தாடை?"

"இருக்கு சித்தி." குட்டியின் தாடையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு சொன்னான். அதற்கு மேல் அவனைக் கேலி பண்ண எனக்கு மனசு வரவில்லை. எழுதிவைத்துக்கொள்ளுங்கள், எனக்கே மனசு வரவில்லை.

அக்கா அன்றைக்கும் உள்ளே போகவில்லை. ஆனால் குதிரைக்குட்டிக்கு உங்கள் சட்டம் தெரியுமா? நாலைந்து நாள் கழித்து, அவள் வாளியை வைத்துவிட்டு நிற்கிறாள், குட்டி தடதடவென்று வந்து கட்டையை ஒரே தாவாகத் தாவி வெளியே வந்துவிட்டது. வந்த வேகத்தில் வாளிக்குள் மூஞ்சியை விட்டது. தின்னத் தெரியவில்லை, தும்மியது. கொள்ளுத் தண்ணீர் முழுக்க அவள் புடவையில். அக்கா தலைப்புக்குள்ளிருந்து இரண்டு கையையும் எடுத்தாள். அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அத்தனை வருஷத்துக்கும் சேர்த்து அன்றைக்குத்தான் அழுதாள். குட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. அது அவள் தலைமுடியைப் பிடித்துத் தின்னப் பார்த்தது.

இதோடு முடித்தால் நல்ல கதை. நான் முடிக்கமாட்டேன்.

முந்தாநாள் பழனியம்மாள் ஓடி வந்தாள். சந்து வழியாகச் சுற்றிப் போவாளே, அவள்தான். அவள் பசு கன்று போடத் திணறுகிறது. "சரசக்கா, செத்த நேரம் வந்து பக்கத்துல நில்லுக்கா. உன் கைராசிக்குக் கன்னுக்குட்டி நல்லபடியா வந்துரும்" என்றாள். எனக்கு வந்ததே ஆத்திரம்! குட்டி செத்தபோது இதே கைதானே? அன்றைக்கு ஆகாத கை, இன்றைக்கு ராசியான கையா? நாளைக்கு இந்தச் செவலைக்கு ஒரு சளி பிடித்தால் திரும்பவும் ஆகாத கையா? பழனியம்மாளை நாலு கேள்வி கேட்க நான் புடவையைச் செருகிக்கொண்டு எழுந்தேன்.

அக்கா என்னைத் தடுத்தாள். தொட்டியில் கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்:

"என் கையில என்னைக்கும் ஒண்ணும் இருந்ததில்ல தாயி. கொள்ளு வாசந்தான் இருந்துச்சு. ராசிக்குன்னு கூப்புடாத. மாடு கஷ்டப்படுதுன்னு கூப்புடு, வாரேன்."

போனாள். கன்று தலைகீழாக நின்றதாம். டாக்டரம்மாவை வரவழைத்து, கூட நின்று பிடித்து, வெளியே எடுத்தார்கள். மாடு பிழைத்தது, கன்று பிழைக்கவில்லை. அக்கா திரும்பி வந்து கையைக் கழுவிவிட்டு, எப்போதும் போலக் கொள்ளை ஊறப்போட்டாள். கையைத் தலைப்புக்குள் மடக்கவில்லை. நானும் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

மச்சான், துரை கிழடாகிவிட்டான். பல் போய்விட்டது. கொள்ளை அரைத்துத்தான் வைக்கிறாள் அக்கா, இப்போது உள்ளே போய், தன் கையால். அவன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. மகள் யார், பேத்தி யார் என்று அவனுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். அதனால்தான் இந்த வசவெல்லாம் உங்களுக்கு.

முருகேசன் இதைப் படித்துவிட்டு, "கடைசிப் பக்கத்துல போடுறேன் சித்தி" என்கிறான். முதல் பக்கம் தந்தால்தான் உங்கள் படத்துக்கு மாலை என்று சொல்லியிருக்கிறேன். பேரம் நடக்கிறது. பிளக்ஸில் "ரத்தம் கலக்காத" என்கிற வார்த்தை மேல் நேற்று யாரோ வெள்ளைத்தாள் ஒட்டியிருக்கிறார்கள். நான் ஒட்டவில்லை. எனக்கு அவ்வளவு உயரம் எட்டாது. முருகேசனுக்கு எட்டும்.

ஒரு வாக்குத் தருகிறேன். நீங்கள் கேட்காவிட்டாலும் தருகிறேன். உங்கள் திதிக்கு வருஷா வருஷம் மாலை வரும். வாடிய பூ கலக்காமல் கட்டித் தருவேன், நம்பலாம். ஆனால் என்னிடம் பூ வாங்க வருகிற ஒவ்வொருத்தியிடமும், ஒரு முழம் அளக்கிற நேரத்துக்குள், இந்தக் கதையைச் சொல்லித்தான் அனுப்புவேன். சரசு கையில் குற்றம் இல்லை, அவள் புருஷன் கணக்கில்தான் குற்றம் என்று. திண்டுக்கல்லில் பூ வைக்கிற பெண்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியுமே. என் வாய் ஓய்வதற்குள் ஊர் வாய் மாறிவிடும்.

வாசல் பனங்கட்டையைப் பிளந்து நேற்று அடுப்புக்கு வைத்தாள் அக்கா. நன்றாக எரிந்தது. அதில்தான் இன்றைக்குக் கொள்ளு வெந்தது.

நீங்கள் செருப்பைத் தேடியும் அடங்காத
உங்கள் கொழுந்தியாள்,
பேச்சி